வேரி, வியரி, வெரி: ஒரு நாலெழுத்து ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மளிகைக்கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடி. எந்த வருடத்து மாணவர்கள் வந்தாலும் டபிள்யூ-ஏ-ஆர்-ஒய் என்ற சொல்லில் வண்டி ஒருமுறை நின்றுவிடும். ஜாக்கிரதை உணர்வைச் சொல்லும் சாதாரண உரிச்சொல்தான். ஆனால் எழுத்து, உச்சரிப்பு, தமிழாக்கம் என்று எல்லாப் பக்கமும் அதில் வழுக்கல் இருக்கிறது. கேட்ட கேள்விகளையே கேட்கிறார்கள், நானும் சொன்னதையே சொல்கிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இந்தச் சொல்லை இங்கே "வேரி" என்று எழுதுகிறேன். களைப்பைக் குறிக்கும் டபிள்யூ-இ-ஏ-ஆர்-ஒய் "வியரி". "ரொம்ப" என்ற பொருளில் வருவது "வெரி". (பழைய தமிழ்ப் பாட்டில் "வேரி" என்று வந்தால் அது தேன், கள், நறுமணம். அதற்கும் இதற்கும் உறவில்லை.)

வேரின்னா என்ன மேடம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தைதான் வேண்டுமென்றால் "உஷார்". ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் புரியும்.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு செவலை நாய் கிடக்கும். ஒருநாள் ஒரு மாணவன் பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிட்டான். அது ஓடவில்லை, கிட்டே வரவும் இல்லை. நாலடி தள்ளி நின்றது. பிஸ்கட் இருந்த கையை விட்டுவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த மற்றக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வால் ஆடவில்லை. உடம்பு முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் பின்னங்கால்கள் திரும்பி ஓடுவதற்குத் தோதாக வளைந்திருந்தன. அவன் பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டு மூன்று படி ஏறிய பிறகுதான் வந்து கவ்விக்கொண்டு போயிற்று.

அந்த நாய் நின்ற நிலைதான் வேரி. ஆபத்து வந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது, வரலாம் என்று ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தால் கண் விழித்திருக்கிறது. சந்தேகமும் விழிப்பும் சேர்ந்தால்தான் இந்தச் சொல். இந்த நாயைக் கீழே பல கேள்விகளுக்குச் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறேன், மறந்துவிடாதீர்கள்.

அப்போ பயம்னு சொல்லலாமா?

கூடாது. பயந்திருந்தால் நாய் ஓடியிருக்கும். வேரியாக இருப்பவருக்குத் தன் மேல் கட்டுப்பாடு இருக்கிறது. நிற்பார், பார்ப்பார், கணக்குப் போடுவார், சரியென்று பட்டால் முன்னே வருவார். "மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறோமே, அவன் வேரி இல்லை, வெறும் பயந்தாங்கொள்ளி. "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது" என்ற பழமொழிதான் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. பட்ட அனுபவம் ஒன்று பின்னால் இருக்கும்போது ஆங்கிலேயரும் இந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள்.

"அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்று 428-ஆம் குறள் தொடங்குகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது முட்டாள்தனம், அஞ்சுவது அறிவாளிகளின் வேலை என்கிறது. அங்கே சொல்லப்படும் அஞ்சுதல் நடுக்கம் இல்லை, கிட்டத்தட்ட வேரிதான்.

வெரி, வேரி, வியரி, வொரி எல்லாம் எனக்கு ஒரே மாதிரி கேக்குது. எப்படிப் பிரிக்கிறது?

உங்கள் காதில் கோளாறு இல்லை. ஆங்கிலத்தில் டபிள்யூ ஓர் ஒலி, வி இன்னோர் ஒலி. நம் "வ" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வி சொல்லும்போது மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். டபிள்யூவுக்குப் பல்லுக்கு வேலையே இல்லை. விசில் அடிக்கப்போவது போல உதட்டைக் குவித்து விடுங்கள், போதும்.

இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், "மாறுபடு" என்ற பொருளில் வி-ஏ-ஆர்-ஒய் என்று எழுதும் வினைச்சொல்லும் நம் வாயில் வேரிதான். பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டுக்கும் பின்பாதி ஒன்றே, முதல் ஒலி மட்டும் வேறு. அமெரிக்கர்கள் பலர் வேரியைக் குறுக்கி "வெரி" போலவே சொல்வார்கள். அவர்கள் "வெரி வேரி" என்று சேர்த்துச் சொல்வதைப் படத்தில் கேட்டால் ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னது போல இருக்கும். வியரியில் "விய" என்ற இழுப்பு தெளிவாக வரும். கவலையைக் குறிக்கும் வொரி தனி ஆள், அதைக் காது கொஞ்சம் பழகினாலே பிரித்துவிடும்.

வேரிக்கும் வியரிக்கும் ஏன் இவ்வளவு குழப்பம்? இங்கிலீஷ்காரங்களே தப்பா எழுதுறாங்களே?

எழுதுகிறார்கள், நிறையவே எழுதுகிறார்கள். இரண்டு காரணம் சொல்லலாம்.

முதல் காரணம் எழுத்து. வியரிக்குள் டபிள்யூ-இ-ஏ-ஆர் இருக்கிறது. உடுத்துவதையும் தேய்வதையும் குறிக்கும் அந்தச் சொல்லைத் தனியாகப் படித்தால் "வேர்". அதோடு ஒய் சேர்த்தால் "வேரி" என்றுதானே படிக்கத் தோன்றும்? அதனால் மனதில் "வேரி" என்று நினைப்பவர் கை தானாக இ-ஏ போட்டுவிடுகிறது. இரண்டாவது காரணம் இலக்கணம். இரண்டு சொல்லுக்கும் பின்னால் "ஆஃப்" தான் வரும். "வேரி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்" என்றால் அந்நியர்களிடம் உஷார். "வியரி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்" என்றால் அந்நியர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இரண்டும் இலக்கணப்படி சரியான வாக்கியம் என்பதால் கணினியின் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடும்.

ஒரு மாணவி வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில், வாடிக்கையாளர் பணத்தில் நடக்கும் மோசடிகள் பற்றித் தான் எப்போதும் உஷார் என்று சொல்ல நினைத்து, மோசடிகளால் எப்போதும் அலுப்பு என்று எழுதியிருந்தாள். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் காட்டினாள். நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: வியரிக்குள் தேய்மானம் இருக்கிறது, தேய்ந்தால் களைப்பு. வேரிக்குள் டபிள்யூ-ஏ-ஆர், அதாவது போர் இருக்கிறது, போர்க்களத்தில் கண் அயரக் கூடாது. சொல்லின் பிறப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. மனப்பாடத்துக்கு மட்டும்.

அப்புறம் அதோட உண்மையான பிறப்பு என்ன?

பழைய ஆங்கிலத்தில் "கவனமாக, விழிப்பாக" என்ற பொருளில் "வேர்" என்றொரு உரிச்சொல் இருந்தது. அதோடு ஒய் ஒட்டி வந்தது வேரி. "அவேர்" (அறிந்திருத்தல்), "பிவேர்" (ஜாக்கிரதை) இரண்டும் அதே குடும்பம். "பி" என்ற வினையையும் "வேர்" என்ற உரிச்சொல்லையும் ஒட்டி எழுதியதுதான் பிவேர். "உஷாராய் இரு" என்பது ஒரே சொல்லாகிவிட்டது.

கிடங்கைக் குறிக்கும் வேர்ஹவுஸிலும் சாஃப்ட்வேரிலும் வரும் "வேர்" வேறு. அது சரக்கு, பண்டம் என்ற பெயர்ச்சொல். கடைக்காரர் மகன் ஒருவன் இரண்டும் ஒன்று என்று வாதாடினான். சரக்கு இருக்கும் இடத்தில் காவல் இருக்கும் என்பது அவன் வாதம். வாதம் நன்றாகத்தான் இருந்தது, மார்க் தர முடியவில்லை.

பிவேருக்கும் வேரிக்கும் என்ன வித்தியாசம்?

பிவேர் வினைச்சொல், வேரி உரிச்சொல். பிவேர் விசித்திரமான வினை. இன்றைய ஆங்கிலத்தில் கட்டளையாகவும், "டு" அல்லது துணைவினைக்குப் பின்னாலும் மட்டும்தான் வரும். "ஹி பிவேர்ஸ்", "ஐ பிவேர்டு" என்றெல்லாம் எழுத முடியாது. காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது: அதற்குள் ஏற்கெனவே ஒரு "பி" உட்கார்ந்திருக்கிறது. "அவன் உஷாராக இருந்தான்" என்று சொல்ல வேண்டுமென்றால் வேரியிடம்தான் வர வேண்டும்.

நம் வீட்டு கேட்டில் தொங்கும் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை பிவேரின் வேலையைச் செய்கிறது. அதில் வினையே இல்லை, யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இலக்கணப்படி பார்த்தால் நாய்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கின்றன. ஆனாலும் யாரும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. "திருடர்கள் ஜாக்கிரதை"யும் அப்படித்தான், உண்மையில் திருடர்கள் ரொம்ப ஜாக்கிரதையானவர்கள். தமிழ் பைபிளில் மத்தேயு 7:15 "கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறது. அங்கே வேற்றுமை உருபும் வினையும் முழுதாக இருக்கின்றன. இன்று எழுதினால் "களிடம்" என்போம். "க்கு" போட்டது இன்றைய காதுக்குப் புதிதாகப் படும்.

வேரிக்குப் பின்னாடி ஆஃப் மட்டும்தான் போடணுமா? அபௌட் போட்டா தப்பா?

தப்பில்லை. "வேரி அபௌட்" புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆஃப் தான் வழக்கமான துணை. தேர்வில் கோடிட்ட இடத்துக்கு இரண்டும் வாய்ப்பாகக் கொடுத்தால் ஆஃப் எடுங்கள். செயலைச் சொல்ல வேண்டுமானால் ஆஃப்புக்குப் பின் "இங்" வடிவம்: "வேரி ஆஃப் லெண்டிங் மணி", பணம் கடன் கொடுக்கத் தயங்குகிறவர். "வேரி டு லெண்ட்" என்று எழுதாதீர்கள். "வேரி தட்" என்று தொடங்கும் வாக்கியங்களைப் பத்திரிகையில் பார்ப்பீர்கள், தேர்வில் தவிர்த்துவிடுங்கள்.

பின்னால் எதுவும் இல்லாமலும் வரும். "முதலில் அவள் வேரியாக இருந்தாள்" என்றால் எதைப் பற்றி என்பது முன்வாக்கியத்தில் இருக்கும். பெயருக்கு முன்னாலும் நிற்கும்: "எ வேரி லுக்", நம்பாத பார்வை. "கீப் எ வேரி ஐ" என்ற தொடருக்கு நம்மிடம் ரெடிமேடாகத் தமிழ் இருக்கிறது: "அவன் மேல ஒரு கண் வெச்சுக்கோ."

காஷியஸும் வேரியும் ஒண்ணுதானே? டிக்‌ஷனரில அப்படித்தான் போட்டிருக்கு.

அகராதி பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டும், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. இந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மாணவர் ஒருவரின் அப்பா ரயிலில் லோகோ பைலட். அவர் வழியாகத்தான் எனக்கே இது தெளிவானது. ரயில்வேயில் ஒற்றை மஞ்சள் விளக்குக்குப் பெயரே "காஷன்". அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போ என்று பொருள். இரட்டை மஞ்சள் "அட்டென்ஷன்", பச்சை "புரொசீட்". பாதையில் எங்கெங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தாளுக்கும் "காஷன் ஆர்டர்" என்றுதான் பெயர். மஞ்சளைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் லோகோ பைலட் யாரையும் சந்தேகப்படவில்லை. அவருக்குப் பதற்றமும் இல்லை. முறைப்படி நடந்துகொள்கிறார். அது காஷியஸ். நடக்கும் விதத்தைச் சொல்கிற சொல்.

அதே ரயில் ஒரு கிராமத்து லெவல் கிராசிங்கை நெருங்குகிறது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு எருமை நிற்கிறது. தாண்டுமா, நிற்குமா? அவர் கண் அதன் மேலேயே இருக்கிறது, கை ஹார்னில் இருக்கிறது. இப்போது அவர் வேரி. எதிரில் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை நம்ப முடியவில்லை. காஷியஸ் என்றால் காலைப் பார்த்து வைக்கிறீர்கள். வேரி என்றால் எதிரே இருப்பதைப் பார்க்கிறீர்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" காஷியஸுக்கான அறிவுரை. "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" வேரிக்கானது. இரண்டிலும் ஆறு ஒன்றுதான், பார்க்க வேண்டிய பொருள்தான் வேறு.

கேர்ஃபுல்லையும் சேர்த்துக் குழப்புறாங்களே?

கேர்ஃபுல் எல்லோருக்கும் பொது. கொதிக்கும் சாம்பார் பாத்திரத்தைத் தூக்கி வரும் தங்கையிடம் "பார்த்து, பார்த்து!" என்கிறோமே, அதுதான் "பி கேர்ஃபுல்". அங்கே "பி வேரி" என்றால் சாம்பார் ஏதோ சதி செய்கிறது என்றாகிவிடும். ஆனால் சாம்பாரில் ஒருநாள் பல்லி விழுந்து, அதற்கப்புறம் அந்த ஹோட்டல் சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்தே ஊற்றிக்கொள்கிறீர்கள் என்றால், அப்போது நீங்கள் அந்தச் சாம்பாரிடம் வேரி.

காஷன் டெபாசிட்னு காலேஜ்ல வாங்குறாங்களே, அந்தக் காஷன் என்ன காஷன்?

அது பெயர்ச்சொல். நீங்கள் ஆய்வகக் குடுவையை உடைத்தாலோ ஹாஸ்டல் பாக்கியை விட்டுப் போனாலோ கழித்துக்கொள்ள முன்கூட்டியே பிடித்து வைக்கும் பணம். இங்கே காஷன் என்பது "முன்ஜாக்கிரதை". லத்தீனில் "ஜாக்கிரதையாய் இரு" என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல். "கேவியட்" மனு என்று நீதிமன்றத்தில் போடுகிறார்களே, அதுவும் அதே வேர்தான். என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்னாலேயே துண்டு போட்டு வைப்பது.

கால்பந்தில் மஞ்சள் அட்டைக்கும் விதிநூலில் பெயர் காஷன்தான். அங்கே பொருள் "எச்சரித்துவிட்டேன்". மஞ்சள் அட்டையை உலகக் கோப்பையில் முதலில் கொண்டுவந்தது 1970-ல், மெக்சிகோவில். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று இதே கேள்வியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது ஆங்கில ஆசிரியர் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சஸ்பிஷியஸ்னு சொன்னா போதாதா? நீங்களே சந்தேகம்னுதான் சொல்றீங்க.

சஸ்பிஷியஸில் சந்தேகம் முற்றிவிட்டது. இவன் தப்பு செய்திருக்கிறான் என்று மனம் பாதி முடிவுக்கு வந்துவிட்டது. வேரியில் இன்னும் முடிவு இல்லை, கதவு பாதி திறந்திருக்கிறது. அந்த நாய் மாணவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டவில்லை, இல்லாவிட்டால் பிஸ்கட்டைத் தின்றிருக்காது.

இன்னொரு சிக்கல். சஸ்பிஷியஸ் இரண்டு பக்கமும் வெட்டும். "எ சஸ்பிஷியஸ் மேன்" என்றால் சந்தேகப்படுகிறவனா, சந்தேகத்துக்கு இடமானவனா என்று சூழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வேரிக்கு அந்தத் தொல்லை இல்லை, அது எப்போதும் பார்க்கிறவரின் நிலையைத்தான் சொல்லும். 510-ஆம் குறள், ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பிய பிறகு அவனைச் சந்தேகப்படுவது, இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறது. நம்புவதற்கு முன் ஆராய்கிற அந்த இடைவெளியில் இருப்பதுதான் வேரி.

தமிழ்ல மொழிபெயர்க்கும்போது எச்சரிக்கைன்னு போட்டா சரிதானே?

பெரும்பாலும் சரிவராது. "எச்சரிக்கை" தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதும் எச்சரிக்கை, ஒருவர் தனக்குள் வைத்திருப்பதும் எச்சரிக்கை. முன்காலத்தில் ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் கூவுவதும் "எச்சரிக்கை"தான். பட்ஜெட்டுக்கு முன் முதலீட்டாளர்கள் வேரியாக இருக்கிறார்கள் என்று ஓர் ஆங்கிலத் தலைப்பை வைத்துக்கொள்வோம். அதை "முதலீட்டாளர்கள் எச்சரிக்கை" என்று போட்டால் மூன்று பொருள் வரும். முதலீட்டாளர்கள் யாரையோ மிரட்டுகிறார்கள். அல்லது, முதலீட்டாளர்களே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அல்லது "நாய்கள் ஜாக்கிரதை" கணக்கில், முதலீட்டாளர்களிடம் ஜாக்கிரதை. மூலத்தில் இருந்த பொருள் மட்டும் வரவில்லை. "முதலீட்டாளர்கள் தயக்கம்" என்று போட்டால் முடிந்தது.

அதனால் சொல்லுக்குச் சொல் தேடாமல், அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வங்கி கடன் கொடுக்க வேரி என்றால் "தயங்குகிறது". பக்கத்து வீட்டுப் பாட்டி கியாஸ் சோதிக்க வந்ததாகச் சொல்பவரிடம் வேரி என்றால் "லேசில் நம்ப மாட்டார்". ஓடிபி கேட்கும் போன் அழைப்புகளிடம் வேரியாய் இருங்கள் என்பதற்கு "உஷாராக இருங்கள்". மதுரை, தேனிப் பக்கம் சொல்லும் "சூதானம்" எல்லாவற்றையும்விட அழகாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி. "சூதானமா இருந்துக்கப்பா" என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னால், வண்டியை மெதுவாக ஓட்டு என்பது மட்டும் அதில் இல்லை, வழியில் பேசுகிறவனை நம்பிவிடாதே என்பதும் இருக்கிறது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்பது திருத்துபவரின் ஊரைப் பொறுத்தது.

அன்வேரின்னா வேரியா இல்லாதவங்களா?

ஆமாம், ஆனால் பயன்பாட்டில் ஒரு சாயல் கூடுகிறது. அன்வேரி என்றால் "அசந்தவர்". தமிழில் "அசந்தா போச்சு" என்கிறோமே, அந்த அசதி. "த அன்வேரி" என்று போட்டுப் பெயர்ச்சொல்லாகவும் எழுதுவார்கள். "எ டிராப் ஃபார் த அன்வேரி" என்பது சட்டக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர்: அசந்தவர் விழும் குழி. ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதி அப்படிப்பட்ட ஒன்று. ஏமாளி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஏமாளி எப்போதும் ஏமாளி, அன்வேரி அந்த நேரத்துக்கு அசந்தவர்.

வேரியர்னு எழுதலாமா, மோர் வேரியா?

இரண்டும் சரி. எழுத்தில் வரும்போது ஒய் போய் ஐ வரும்: டபிள்யூ-ஏ-ஆர்-ஐ-இ-ஆர். வினையடை வேரிலி, பெயர்ச்சொல் வேரினெஸ். வேரிக்கு வினை வடிவம் கிடையாது. வியரிக்கு உண்டு, "களைப்பாக்கு, அலுத்துப்போ" என்ற பொருளில். பிழை காணும் கேள்வியில் "வேரிட்" என்று ஈ-டி ஒட்டி ஏதாவது கண்டால் அங்கேதான் பிழை.

இதே அர்த்தத்துல இன்னும் எத்தனை வார்த்தை இருக்கு? லிஸ்ட் குடுங்க.

லிஸ்ட் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவீர்கள், அதனால் கதையாகவே சொல்கிறேன். "சர்கம்ஸ்பெக்ட்" என்பதற்கு லத்தீனில் நேர்ப்பொருள் சுற்றிலும் பார்த்தல். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று சொன்னவர் சர்கம்ஸ்பெக்ட். "கார்டட்" பேச்சுக்கு வரும்: மருத்துவர் "இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை" என்றால் அது கார்டட் பதில். "ப்ரூடெண்ட்" வருமுன் காப்பவர். லத்தீனில் "முன்கூட்டிப் பார்ப்பவர்" என்ற சொல் சுருங்கி வந்தது, பாராட்டாகவே சொல்வார்கள். "லியரி" ஏறத்தாழ வேரிதான், ஆனால் பேச்சு வழக்கு, அமெரிக்கர் வாயில் அதிகம்.

"ச்சேரி" என்று ஒன்று, சி-எச்-ஏ-ஆர்-ஒய். வேரியோடு ஒலி ஒத்துப்போவதால் தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த சொல். கவலையைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்து, இன்று "கையை இறுக்கி வைத்திருப்பவர்" என்ற சாயலில் நிற்கிறது. "ச்சேரி ஆஃப் ப்ரெய்ஸ்" என்றால் பாராட்டக் கஞ்சத்தனம் உள்ளவர். நம் அப்பாக்களில் பலர்.

"விஜிலண்ட்" உறங்காமல் இருப்பதிலிருந்து வந்தது. நாம் வடமொழியிலிருந்து எடுத்த "ஜாக்கிரதை"க்கும் மூலப்பொருள் விழித்திருத்தல்தான், தமிழின் "விழிப்பு" சொல்லவே வேண்டாம். மூன்று மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1964-ல் மத்திய விஜிலன்ஸ் ஆணையம் அமைந்ததே கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரையால்தான். ஊழலைக் கண் மூடாமல் பார்ப்பது என்பதுதான் அந்தப் பெயரின் கருத்து. "உஷார்" மட்டும் தனி வழி: பாரசீகத்தில் "ஹோஷ்" என்றால் சுயநினைவு, அதுதான் உருதுவழி நம் வாய்க்கு வந்து உஷாரானது. "ஜிஞ்சர்லி" என்ற சொல்லையும் கேட்பீர்கள், அடிமேல் அடி வைத்து என்று பொருள். இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்டர்வியூல "ஐ ஆம் எ வேரி பர்சன்"னு சொல்லலாமா?

வேண்டாம். சொல்லில் இழிவு எதுவும் இல்லை, ஆனால் எதை நம்ப மாட்டீர்கள் என்று சொல்லாமல் மொட்டையாகச் சொன்னால் யாரையுமே நம்பாத ஆள் போல ஒலிக்கும். வங்கி வேலைக்குப் போகிறீர்கள், "கேர்ஃபுல்" என்றோ "ப்ரூடெண்ட்" என்றோ சொல்லுங்கள். எதிரே இருப்பவருக்கு "வெரி" என்று காதில் விழுந்தால் இன்னும் மோசம். வெரி என்ன பர்சன் என்று காத்திருப்பார்.

சினானிம் கேள்வியில காஷியஸ், டயர்ட், சேஞ்ச், ஆங்ரின்னு நாலு ஆப்ஷன். எது?

காஷியஸ். மேலே அவ்வளவு நேரம் வித்தியாசம் சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நாலில் எது மிக நெருக்கம் என்பதுதான் கேள்வி. மற்ற வாய்ப்புகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: டயர்ட் என்பது வியரிக்கு வைத்த வலை, சேஞ்ச் என்பது வியில் தொடங்கும் வேரிக்கு வைத்த வலை. ஆங்ரி இடத்தை நிரப்ப. காஷியஸும் சஸ்பிஷியஸும் சேர்ந்து வந்தால் கொடுத்திருக்கும் வாக்கியத்தைப் படித்து முடிவு செய்யுங்கள். வாக்கியமே இல்லையென்றால் காஷியஸ்தான்.

"ஐ ஆம் வியரி ஆஃப் பீயிங் வேரி"ன்னு ஒரு இடத்துல படிச்சேன். பிரிண்டிங் மிஸ்டேக்கா?

இல்லை, சரியான வாக்கியம். இந்தப் பக்கத்தை இதுவரை படித்திருந்தால் நீங்களே பிரித்துவிடுவீர்கள். "உஷாராக இருந்து இருந்தே அலுத்துப்போச்சு." என் அம்மா நாளைக்கு நாலு தடவை சொல்கிற வாக்கியம். கார்டு முடங்கிவிட்டது, பார்சல் வந்திருக்கிறது, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. இப்போது சொந்தத் தம்பி கூப்பிட்டாலும் "எந்தத் தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்.

மேடம், அந்த நாய் இப்பல்லாம் அந்தப் பையன் கையிலிருந்தே பிஸ்கட் வாங்குதே. இன்னும் அதை வேரின்னு சொல்லலாமா?

ஆஃப் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, யாரிடம் என்று கேட்க வேண்டும். நாலு மாதமாகத் தினமும் பிஸ்கட் போட்டிருக்கிறான், அவனிடம் அது வேரி இல்லை. நேற்று நான் படியிறங்கும்போது கையில் குடை இருந்தது. எழுந்து சுவர் ஓரமாக நாலடி தள்ளிப் போய், குடையையே பார்த்துக்கொண்டு நின்றது.